பழைய ஹேட்ச்பேக்குக்கு வீட்டிலேயே எஞ்சின் மாற்றினால் பணம் மிச்சமாகுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எங்களிடம் 16 வருடப் பழைய ஹேட்ச்பேக் ஒன்று இருக்கிறது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். 800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, நீலப் புகை விடுகிறது. 'எஞ்சின் போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும்' என்கிறார் மெக்கானிக். அவர் கேட்கும் தொகை அதிகம். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் மச்சானுடன் சேர்ந்து வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு வருடமாக வீடியோ பார்த்துப் பழகி வருகிறேன், ஆனால் இதுவரை கையால் செய்ததில்லை. செலவுக்கு 14% வட்டியில் 3 வருடத் தனிநபர் கடன் கிடைக்கிறது. மனைவியோ காரை இப்படியே விற்றுவிட்டு, நல்ல நிலையில் உள்ள பழைய கார் வாங்கலாம் என்கிறார். வீட்டில் இருப்பது இந்த ஒரே கார்தான். 1.2-க்குப் பதிலாக 1.6 லிட்டர் எஞ்சின் வைத்தால் மறுவிற்பனை விலையும் கூடுமா?

பதில்: உங்கள் கடிதத்தோடு அனுப்பிய கணக்குத் தாளை இரண்டு முறை படித்தேன். எந்த நாணயத்தில் கணக்குப் பார்ப்பவருக்கும் பயன்படட்டும் என்று, இதே கார் நல்ல நிலையில் விற்கும் விலையை 100 என்று வைத்து, மற்ற எல்லாத் தொகைகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் புகைவிடும் உங்கள் காருக்கு இன்று 45 கிடைக்கும். மெக்கானிக் கேட்பது 85. அதில் கிளட்சும் டைமிங் பெல்ட்டும் சேர்த்தி. நீங்கள் போட்ட வீட்டுக் கணக்கு 35: எஞ்சினுக்கு 30, ஆயில், கூலன்ட் வகையறாவுக்கு 5. வங்கியில் அவசரத்துக்கு 90 இருக்கிறது. மாதச் செலவு 20. எல்லாச் சேமிப்பும் போக மாதம் 8 கையில் நிற்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த நீலப் புகையைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் உங்கள் முடிவு முழுவதும் 'எஞ்சின் போய்விட்டது' என்ற ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. அந்த வாக்கியத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று மட்டும்தான் பொருள். அது பிஸ்டன் ரிங் தேய்ந்ததால் இருக்கலாம். வால்வ் சீல் காய்ந்து கெட்டியாகிப் போனதாலும் இருக்கலாம். கிராங்க் கேஸ் காற்றை வெளியே விடும் சின்ன வால்வ் அடைத்துக்கொண்டாலும் ஆயில் எரியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்துப் புகை வந்து பிறகு அடங்குகிறதா? சிக்னலில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் வருகிறதா? அப்படியென்றால் சந்தேகம் வால்வ் சீல் பக்கம்தான் போகிறது. அந்த வேலைக்கு எஞ்சினை வெளியே எடுக்கவே தேவையில்லை. பல எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டைக்கூடக் கழற்றாமல் செய்கிறார்கள். செலவு எஞ்சின் மாற்றத்தின் பக்கத்தில்கூட வராது.

இதைக் கண்டுபிடிக்க முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் சோதனை. எஞ்சின் சூடாக இருக்கும்போது எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் காட்டும் எண்ணை எழுதுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்து, உங்கள் மாடலுக்கான கையேட்டில் உள்ள அளவையும் தொட்டால், அடியில் உள்ள எஞ்சின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் முதலில் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஒரு மணி நேர வேலை. 85 செலவழிக்கச் சொல்பவர் இதைச் செய்து காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை என்றால் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

டெஸ்டில் ரிங்தான் தேய்ந்திருக்கிறது என்று வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். இனி உங்கள் 35-க்கு வருகிறேன். இந்த எண்ணில்தான் எனக்குக் கவலை.

ஹேட்ச்பேக்கில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1959-ல் வந்த மினி காரில் எஞ்சின் குறுக்கே இருந்தாலும் கியர்பாக்ஸ் அதன் அடியில், ஆயில் தொட்டிக்குள் இருந்தது. 1964-ல் வந்த ஆட்டோபியாஞ்சி பிரிமுலா என்ற இத்தாலியக் காரில்தான் பொறியாளர் தான்டே ஜியகோசா கியர்பாக்ஸை எஞ்சினின் பக்கவாட்டில் நீட்டி வைத்தார். இன்று தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பில் வந்தவையே. உங்கள் பர்ஸுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டையும் பிரிக்காமல் கிளட்சைத் தொட முடியாது. எஞ்சின் வெளியே வந்திருக்கும் நாளில் கிளட்ச் மாற்றினால் பாகத்தின் விலை மட்டும்தான். ஆறு மாதம் கழித்து மாற்றினால் பாதி வேலையை மறுபடி செய்ய வேண்டும். கிராங்க் பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், எஞ்சின் மவுண்ட் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். பழைய எஞ்சினோடு வந்த டைமிங் பெல்ட்டை நம்பி ஓட்டாதீர்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை வளைத்துவிடும், வாங்கிய எஞ்சினே வீணாகும்.

ஆகவே உண்மைக் கணக்கு இப்படி வருகிறது. எஞ்சின் 30. கிளட்ச், பெல்ட், பம்ப், சீல், கேஸ்கெட், மவுண்ட் 14. ஆயில், ஃபில்டர், கூலன்ட் 3. வாடகை எஞ்சின் கிரேன், ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், மற்ற கருவிகள் 8. பதிவு ஆவணத்தில் எஞ்சின் எண் இருந்தால் அதை மாற்ற 2. மொத்தம் 57. முதல்முறை செய்பவர் இதன் மேல் 30 சதவீதமாவது ஒதுக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட் உடையும், காய்ந்த ஹோஸ் கிழியும், எக்ஸாஸ்ட் ஸ்டட் அறுந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அது 17. சேர்த்தால் 74. வேலை மூன்று மாதம் இழுத்தால், அதுவரை வேறு வண்டியில் போய்வர மாதம் 4 வீதம் 12. ஆக 86. மெக்கானிக் கேட்ட 85-க்கு வந்துவிட்டோம். அவர் தருவதில் உத்தரவாதமும் இருக்கும்.

மனைவி சொன்ன வழியையும் அதே தராசில் வைப்போம். 45-க்கு விற்று, மேலே 55 போட்டு 100-க்கு ஒரு கார். வாங்கியதும் டயர், பிரேக், சர்வீஸ் என்று 15 வைத்துக்கொள்ளுங்கள். 70. கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. எஞ்சின் மாற்றிய பிறகும் உங்கள் கார் 100-தானே போகும்? எவ்வளவு உழைத்தீர்கள் என்று வாங்க வருபவர் கேட்க மாட்டார்.

1.6 லிட்டர் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே எஞ்சின் கோடு (எஞ்சின் வகையைக் காட்டும் குறியீடு) உள்ள இன்னொரு எஞ்சின் என்றால் உங்கள் வயரிங், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான உங்கள் ஈசியு, உங்கள் சாவியோடு பேசும் இம்மொபிலைசர் எல்லாம் அப்படியே பொருந்தும். பெரிய எஞ்சின் என்றால் மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், வயரிங், ஈசியு என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும், கடைசியில் பிரேக்கும் கேட்கும். பல இடங்களில் அரசு அனுமதி வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லாமல் மாற்றினால், விபத்து நாளில் இழப்பீடு நின்றுபோகலாம். அதோடு மாற்றியமைத்த காரை வாங்கப் பலர் தயங்குவார்கள், விலை ஏறுவதற்குப் பதில் இறங்கவே வாய்ப்பு அதிகம்.

கடனும் வேண்டாம். 35 வாங்கினால் 36 மாதத்தில் ஏறக்குறைய 43 கட்டுவீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, என் தம்பி வீட்டில் அதை நேரில் பார்த்தேன். அவன் ஓட்டிக் காட்டாத ஒரு பழைய எஞ்சினை, விற்றவர் பேச்சை நம்பி வாங்கினான். அவனது கார் எஞ்சினை ஏற்கெனவே இறக்கியாயிற்று. புதிதாய் வந்த எஞ்சினின் சம்ப்பை, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டியை, கழற்றியபோது நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அடியில் தேங்கிய கருப்பு ஆயிலில் விரலை வைத்து எடுத்தான். விரல் நுனியில் வெள்ளித்தூள் மாதிரி மினுமினுப்பு. பேரிங் தேய்ந்து உதிர்ந்த உலோகம் அது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு எஞ்சின் வாங்கும் பணம் சேரும்வரை கார் ஏழு மாதம் ஸ்டாண்ட் மேலேயே நின்றது. பேட்டரி செத்தது, பிரேக் டிஸ்க் துருவேறியது, கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் போனது.

இத்தனையும் சொல்லிவிட்டு, 'விற்றுவிடுங்கள்' என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடம் ஒன்றைக் கற்றுக்கொண்டு காத்திருப்பது சாதாரண ஆசை இல்லை. அதனால் வேறொரு வழி சொல்கிறேன். காரை நிறுத்திவிட்டு எஞ்சின் தேடாதீர்கள். எஞ்சினைத் தயார் செய்துவிட்டுக் காரை நிறுத்துங்கள்.

ஆயில் குடிக்கும் எஞ்சின், அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் பல மாதம் ஓடும். வாரத்துக்கு ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பாருங்கள், ஒரு லிட்டர் டின்னை டிக்கியில் வையுங்கள். புகைச் சோதனையில் தேறாத நிலை வந்தால் மட்டும் இந்தத் திட்டம் செல்லாது, அப்போது மனைவி சொல்வதைச் செய்யுங்கள். அதுவரை மாதம் மிஞ்சும் 8-ஐ மட்டும் இதற்குத் திருப்புங்கள். அவசர நிதியான 90-ஐத் தொடாதீர்கள். அது நாலரை மாதச் செலவுக்குத்தான் வரும். ஆறு மாதத்துக்கு 120 இருக்க வேண்டிய இடம் அது. முதல் நான்கு மாதச் சேமிப்பில் அதே கோடு உள்ள எஞ்சின் ஒன்றை, ஓடிக் காட்டியோ கம்ப்ரஷன் எண்களோடோ மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன் ஆயில் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், சம்ப் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பிறகு அதை வீட்டு மூலையில் ஸ்டாண்டில் ஏற்றி, மாதம் ஒரு பாகமாகச் சீல், பெல்ட், பம்ப், கிளட்ச் போட்டுத் தயார் செய்யுங்கள். கற்றுக்கொள்வதெல்லாம் அங்கே நடக்கும், கார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்பது, பத்து மாதத்தில் எல்லாம் கையில் இருக்கும்போது காரை நிறுத்தினால், மூன்று மாதத்துக்குப் பதில் சில வாரத்தில் முடிக்கலாம். மாற்று வண்டிச் செலவு 12-லிருந்து 2, 3-க்கு இறங்கும். மொத்தம் 77-க்குள் நிற்கும். மனைவியின் 70-க்கும் இதற்கும் வித்தியாசம் 7. அதுதான் உங்கள் ஆசையின் விலை. அந்த 7-ஐப் பொழுதுபோக்குச் செலவு என்றே எழுதி, அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். உச்சவரம்பு 85 என்றும் அதே தாளில் எழுதுங்கள். அதைத் தொட்ட அன்று, பாதியில் நின்றாலும் மேலே ஒரு காசும் போடாமல் மெக்கானிக்கிடம் பேசுங்கள், அல்லது இருக்கிற நிலையில் விற்றுவிடுங்கள்.

செலவு மிச்சப்படுத்தும் சின்ன விஷயம் ஒன்று: ஏசி கம்ப்ரஸரின் போல்ட்டை மட்டும் கழற்றி, குழாய்களோடு ஓரமாகக் கட்டிவைக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் கேஸ் இறக்கி ஏற்றும் செலவு மிச்சம். ஒரு விஷயத்தில் மட்டும் மிச்சம் பார்க்காதீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். வெறும் ஜாக்கியை நம்பி நீங்களோ மச்சானோ காருக்கு அடியில் போகக் கூடாது. உறுதியான ஸ்டாண்ட் வாங்குங்கள், கிரேனை வாடகைக்கு எடுங்கள்.

இந்த வார இறுதியிலேயே கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, நான்கு சிலிண்டர்களின் எண்களையும், ஆயில் விட்டுப் பார்த்த எண்களையும் எழுதி அனுப்புங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் புகை எத்தனை விநாடி வருகிறது என்றும் குறிப்பிடுங்கள். அது வால்வ் சீல்தான் என்றால், ஒன்றிரண்டு மாதச் சேமிப்பிலேயே வேலையை முடிக்க முடியுமா என்று சேர்ந்து பார்ப்போம்.