அக்கா மகனுக்கு கிரோன்ஸ் நோய் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் எப்படித் துணையாக இருக்கலாம்?

நீங்கள் பையனுக்குச் சித்தி என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் அக்கா இந்நேரம் போன் எடுப்பதையே குறைத்திருப்பார். எடுத்தாலும் "இப்ப பரவாயில்லடி" என்று சொல்லி வைத்துவிடுவார். மனத்தாங்கல் வேண்டாம். வாயில் நுழையாத ஒரு நோயை ஆள் ஆளுக்கு விளக்கிச் சொல்லி அலுத்துப்போயிருப்பார். என் மகனுக்கும் பதினொரு வயதில் குடலைப் புண்ணாக்கும் இதே நாள்பட்ட நோய்தான் வந்தது.

நான் டாக்டர் இல்லை. மருத்துவம் படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் யார் துணைக்கு வந்தார்கள், யார் வந்து வேதனையைக் கூட்டிவிட்டுப் போனார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு முதலில் குடல் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். குடல் காசநோயும் கிரோன்ஸும், குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோப்பியில் பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சதை எடுத்துச் சோதித்தாலும் சில நேரம் பிடிபடாது. காசநோய் இவ்வளவு இருக்கிற நாட்டில் அதற்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது நடப்பதுதான். அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் அந்த மாதங்களில் வீட்டுக்கு வந்துபோன சொந்தங்கள் மேல்தான்.

"பரோட்டாவும் மேகியும் வாங்கிக் குடுத்தே குடலைக் கெடுத்துட்ட" என்றார் ஒரு பெரியம்மா, பிள்ளை காதில் விழும்படி. குடல் ஏறியிருக்கிறது, தட்டிவிட்டால் சரியாகும் என்று ஒரு ஆளையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் வயிற்றைக் கழுவ விளக்கெண்ணெய் பாட்டிலோடு வந்தார். புண்ணாகிக் கிடக்கிற குடலுக்குப் பேதி மருந்து! நாட்டு மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சளிக்கு நானும் கஷாயம்தான் வைக்கிறேன். இது சளி இல்லை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிற நோய் இது. பிறவிக்கூறு, குடலில் வாழும் கிருமிகள், சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஒரு தாய் கொடுத்த ஒரு உணவால் வராது. ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. உங்கள் அக்காவுக்கு முதலில் செய்ய வேண்டிய உதவி, இந்த நாலு வரியை உங்கள் அம்மா, அத்தை, பெரியப்பா எல்லோருக்கும் நீங்களே சொல்லிவிடுவது. அவரைச் சொல்ல வைக்காதீர்கள்.

பையன் முகத்தைப் பற்றியும் பேச வேண்டாம். என் மகனுக்கு ஸ்டீராய்டு கொடுத்த சமயம் கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாகிவிட்டது. கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் எல்லாம் "இப்பத்தான் நல்லாப் பூசினாப்ல இருக்கான்" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அது மாத்திரையால் வந்த வீக்கம் என்று அவனுக்குத் தெரியும். அவன் வகுப்பிலேயே குள்ளமானவன் என்பதும் தெரியும். இந்த நோய் வளரும் வயதில் உயரத்தையும் எடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நிஜமான துணை என்றால் என் நாத்தனாரைச் சொல்வேன். ஸ்டீராய்டுக்கு முன்னால், நோய் இன்னதென்று தெரிந்தவுடன், எட்டு வாரம் சாப்பாடே இல்லாமல் சத்துப் பவுடரைக் கரைத்து அது மட்டும் குடிக்க வேண்டும் என்றார்கள். குழந்தைகளின் கிரோன்ஸுக்கு இது முறையான சிகிச்சை. குடல் ஆறும், வளர்ச்சியும் கெடாது. சொல்வது சுலபம். இட்லி கிடையாது, ஒரு வாய் ரசஞ்சோறு கிடையாது. நான் கடுகு தாளித்தால் அவன் சமையலறை நிலைப்படியில் வந்து நிற்பான். ஒன்றும் கேட்க மாட்டான். வெனிலா வாசம் அடிக்கிற அந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வாணலியையே பார்ப்பான்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த நாத்தனார் இதைப் பார்த்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நாளையிலேர்ந்து உங்க வீட்டு அடுப்பு எங்க வீட்ல எரியட்டும்" என்றார். அடுத்த தெருதான். மூன்று பேருக்கும் அங்கேயே சமையல். நானும் என் வீட்டுக்காரரும் முறை போட்டுக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வருவோம். சின்னவள் பள்ளி விட்டதும் நேராக அத்தை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, வீட்டுப் பாடத்தையும் முடித்துவிட்டு வருவாள். அந்த எட்டு வாரமும் எங்கள் வீட்டில் தாளிப்பு வாசமே வரவில்லை.

சின்னவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் அண்ணனையே விசாரிக்கிறார்கள் என்று அவளும் வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை. அத்தை அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கோயிலுக்கு, கடைக்கு என்று கூட்டிப்போன பிறகு அந்த வலி நின்றது. உங்கள் அக்காவுக்கு இன்னொரு பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நோய் திரும்ப வந்தது. வரும். மாத்திரையோடு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி மருந்தும் ஆரம்பித்தோம். முதல் டோஸ், இரண்டு வாரம் கழித்து ஒன்று, ஆறாம் வாரம் ஒன்று, அதன்பின் எட்டு வாரத்துக்கு ஒரு முறை. டிரிப்ஸாக ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குமுன் எடை பார்ப்பது, ரத்தம் எடுப்பது, நரம்பு தேடுவது. ஏறி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்த்தி வைத்துப் பார்ப்பார்கள். மொத்தத்தில் ஒரு நாள் போய்விடும். முதல் தடவை துணைக்கு ஆஸ்பத்திரி வராந்தா கொள்ளாத கூட்டம். மூன்றாவது தடவை நானும் என் பையனும் மட்டும். நாள்பட்ட நோயில் இதுதான் கஷ்டம். பரபரப்பு தீர்ந்ததும் ஆட்கள் தீர்ந்துவிடுவார்கள், மருந்து தீராது. அடுத்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அன்றைக்கு லீவு போடுங்கள். அழுவதற்கு வர வேண்டாம், பையனோடு தாயம் ஆட வாருங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்கவே கூச்சமாக இருக்கும். என் தம்பி கேட்கவில்லை. அக்கா மகன் பேரில் மாதாமாதம் ஆர்.டி. போட ஆரம்பித்து, பாஸ்புக்கைக் கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான். எல்லோராலும் முடியாது, தெரியும். முடிந்தவர்கள் இப்படிச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், காய்ச்சலோ இருமலோ இருந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் போகாதீர்கள். அம்மை போட்டவர் பக்கத்தில் தெரியாமல் இருந்துவிட்டான் என்றால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டிய என் மகன் எழுந்து நின்றால் "இப்பத்தானே போய்ட்டு வந்தே" என்பார் ஒரு வாத்தியார். டாக்டர் கடிதத்தைக் கொடுத்த பிறகுதான் கதவோரம் இடம் கிடைத்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, அதில் இந்த நோய் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிரோன்ஸ் இருந்த ஆலி பெய்ன் என்ற பதினான்கு வயதுப் பெண்ணைக் கடை ஊழியர்களின் கழிப்பறைக்குள் விடவில்லை. அவளும் அவள் அம்மாவும் விடாமல் முயன்றதில் 2005-ல் அங்கே சட்டமே வந்தது. இங்கே பஸ் ஸ்டாண்டில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் சில்லறை கொடுத்தால்தான் விடுவார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்கள் பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள். 2021-ல் தமிழ்நாட்டில் அவர்கள் உட்கார நாற்காலி தரச் சட்டம் போட்டார்கள், நல்லது. தேவைப்படும்போது கழிப்பறைக்குப் போகிற உரிமையை யார் கொடுப்பது?

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்களைக் கூப்பிடாமல் விட்டுவிடாதீர்கள். "பாவம், அவனால வர முடியாது" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அவன் இலையில் என்ன வைக்கலாம் என்று அக்காவிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவனிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.