கேலி செய்தவர் கேள்விக்கு நிற்க வேண்டாமா?

கேள்வி: இத்தாலிய நகைச்சுவை நடிகர் பெப்பே கிரில்லோ, பழைய கட்சிகளும் பத்திரிகைகளும் வேண்டாம், இணையம் போதும் என்று சொல்லியே ஒரு பெரிய கட்சியை வளர்த்துக் காட்டினார். அவர் சொன்னதில் என்ன தவறு? நீங்கள் பத்திரிகைக்காரர் என்பதால்தானே அவரைப் பிடிக்கவில்லை?

பதில்: அவர் சொன்ன எல்லாமே தவறு என்று நான் எங்கும் எழுதவில்லை. முதலில் அவருக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன்.

1986 நவம்பர். இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியில் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி. பிரதமர் பெத்தினோ கிராக்ஸி, சோஷலிஸ்ட் கட்சித் தலைவர். தன் ஆட்களோடு சீனாவுக்குப் போயிருந்த நேரம். மேடையில் கிரில்லோ ஒரு கதை சொன்னார். விருந்தில் கிராக்ஸியின் ஆள் ஒருவர் அவரிடம் கேட்கிறாராம்: “இங்கே நூறு கோடிப் பேரும் சோஷலிஸ்ட்தானாமே, அப்படியானால் இவர்கள் யாரிடம் திருடுவார்கள்?” அவ்வளவுதான். அரசுத் தொலைக்காட்சி கிரில்லோவை ஓரங்கட்டியது. 1992இல் மிலானில் லஞ்ச வழக்குகள் வெடித்தன. அவற்றில் சிக்கிய கிராக்ஸி 1994இல் துனீசியாவுக்குப் போய்விட்டார். நாடு திரும்பாமலே 2000இல் அங்கே இறந்தார். எல்லோரும் பதவிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில் கோடிக்கணக்கானவர்கள் பார்க்க அதைச் சொன்னவர் கிரில்லோ. அந்தத் துணிச்சலை நான் மனதாரப் போற்றுகிறேன்.

அவருடைய அரசியல் கோரிக்கைகளிலும் நியாயம் இருந்தது. தண்டனை பெற்றவர் நாடாளுமன்றத்துக்கு வரக் கூடாது, இரண்டு தடவைக்கு மேல் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 2007இல் கையெழுத்து வாங்கினார். மூன்று லட்சத்துக்கும் மேல் குவிந்தது. ஒரு கார் விபத்து வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் அவரே தேர்தலில் நிற்கவில்லை. தான் போட்ட விதியைத் தனக்கும் பொருத்திக்கொண்டார், சரி. 2008இல் பத்திரிகைகளுக்கு அரசுப் பணம் தருவதை நிறுத்தச் சொன்னார். அதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆள்பவரிடம் காசு வாங்கிக்கொண்டு அவரையே குடைய முடியாது.

அப்புறம்தான் பாதை மாறியது. 2009இல் ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற தன் கட்சியைத் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் சம மதிப்பு என்பது அதன் முழக்கம். 2012இல் போலோன்யா நகர மன்றத்தில் இருந்த அவர் கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் கலந்துகொண்டார். அதற்காக கிரில்லோ அவரைப் பொதுவெளியில் கொச்சையாகக் கேலி செய்தார். சில வாரங்களில் கட்சியை விட்டே நீக்கினார். சம மதிப்பு என்று சொன்ன இடத்தில் வெளியே அனுப்பும் அதிகாரம் ஒரே ஆளின் கையில் இருந்தது. தன்னை விமர்சித்த நிருபர்களைப் பெயர் சொல்லித் தன் தளத்தில் வரிசையாகக் குறிவைத்ததும் அவர்தான். 2013 தேர்தலில் நாட்டில் நான்கில் ஒரு பங்கு வாக்கு அவர் கட்சிக்குக் கிடைத்தது.

மேலே இருப்பவரைக் கேலி செய்பவர் வேறு, மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவரைக் கேலி செய்பவர் வேறு. சிரிப்பு ஒன்றுதான், விழுகிற அடி ஒன்றல்ல. அந்த நகர மன்ற உறுப்பினரின் பின்னால் கட்சி இல்லை, கூட்டம் இல்லை.

இணையம் போதும் என்கிறீர்கள். இணையத்தில் அவர் எழுதினார், மற்றவர்கள் படித்தார்கள். எதிரே உட்கார்ந்து, “நேற்று சொன்னதும் இன்று செய்வதும் ஒத்துப்போகவில்லையே” என்று குறுக்கே கேட்க அங்கே ஆள் இல்லை. ஆமாம், பத்திரிகைக்காரன் என்பதால்தான் எனக்கு இது உறுத்துகிறது. 1986இல் கிராக்ஸியைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியைப் போல ஒன்றை, 2012இல் அவரைப் பார்த்து யாராவது கேட்டிருக்க வேண்டும்.