மாறியதா, மாற்றினார்களா?

கேள்வி: பாடசாலைச் சஞ்சிகைக்கு 'புளூட்டோ 2006 இல் குறுங்கோளாக மாறியது' என்று எழுதினேன். ஆசிரியர் 'மாறியது' என்பதை வெட்டிவிட்டார். அதில் என்ன பிழை?
- வாசகி, சுன்னாகம்

பதில்: வெட்டியது சரிதான். 'மாறு' தன்வினை. மயிர்க்கொட்டி கூட்டுப்புழுவாக மாறும், பால் தயிராக மாறும். அங்கே பொருளே வேறாகிறது. புளூட்டோவில் ஒன்றும் நடக்கவில்லை. 2006 ஓகஸ்ட் 24 இல் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் கோளுக்கு வரைவிலக்கணம் வகுத்தது. தன் சுற்றுப்பாதையை அண்டிய பிற பொருள்களை அகற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் புளூட்டோ தேறவில்லை. ஆகவே செய்தவரை எழுவாயாக்கி, 'ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோளாக மீள்வகைப்படுத்தியது' என்று எழுதுங்கள். தமிழகத்தார் 'மறுவகைப்படுத்து' என்பர். மீள்குடியேற்றம், மீளாய்வு என்று பழகிய நமக்கு 'மீள்' இயல்பாக வரும்.

பலர் சறுக்குவது வேற்றுமை உருபில். 'வகைப்படுத்து' என்றால் முன்னே 'ஐ', பின்னே 'ஆக': புளூட்டோவை, குறுங்கோளாக. 'குறுங்கோளுக்கு வகைப்படுத்தினர்' என்பது பிழை. 'கு' வேண்டுமானால் வினையையும் மாற்ற வேண்டும்: 'கோள் வகையிலிருந்து குறுங்கோள் வகைக்கு மாற்றினர்.' 'மீள்வகைப்படுத்தப்பட்டது' இலக்கணப்படி சரி, ஆனால் வாசிக்க மூச்சு வாங்கும். யார் செய்தார் என்பதும் மறைந்துபோகும்.

சிக்கலான இடமும் உண்டு. உலக வங்கி 2019 யூலையில் இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடாக உயர்த்தி, 2020 யூலையில் கீழ் நடுத்தரத்துக்கு இறக்கியது. தலா வருமானம் 4,060 டொலரிலிருந்து 4,020 ஆகக் குறைந்தது; இரு வகைகளுக்கும் இடையிலான எல்லையோ 3,995 இலிருந்து 4,045 ஆக ஏறியது. நாடும் அசைந்தது, கோடும் அசைந்தது. ஆனாலும் வகையைத் தீர்மானித்தது வங்கி. 'மீள்வகைப்படுத்தியது' என்பதே பொருந்தும்.

உயர்தரத்தில் ஒருத்தி தானே விரும்பிக் கணிதப் பிரிவை விட்டு வர்த்தகத்துக்குப் போனால் 'மாறினாள்'. அதிபர் அனுப்பினால் 'மாற்றினார்'.

கேள்வி: 'செருப்பை மாறிப் போட்டிட்டன்' என்கிறோமே, 'மாற்றி' என்றல்லவா வரவேண்டும்?
- வாசகர், கொடிகாமம்

பதில்: இந்த 'மாறி' தவறுதலாக என்று பொருள்தரும் பேச்சுவழக்கு. 'மாற்றி' என்றால் வேண்டுமென்றே வேறு செருப்பைப் போட்டதாகவும் ஆகிவிடும். பேச்சில் அப்படியே இருக்கட்டும். பரீட்சைத் தாளில் 'தவறுதலாக' என்று எழுதுங்கள்.