அறை வாடகையும் அடையாள அட்டையும்: நுகர்வோர் கேள்வி-பதில்

ஆடி, ஆவணி வந்தால் நல்லூர்த் திருவிழா, கண்டிப் பெரஹரா, மடு மாதா திருவிழா என்று ஒன்றின் பின்னால் ஒன்றாக வரும். வன்னிச் சனம் குடும்பத்தோடு பயணம் வெளிக்கிடும் காலம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குறைந்த வாடகை விடுதிகளைப் பற்றியவை. அவற்றையே எடுத்துக்கொண்டேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, அனுராதபுரத்தில் "ஸ்ரீ மகாபோதிக்கு நடந்தே போகலாம்" என்று போனில் சொன்ன விடுதியில் அறை எடுத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்றும் சொல்லியிருந்தோம். போய்ப் பார்த்தால் விடுதி நுவரவெவக் குளத்துப் பக்கம் இருக்கிறது. ஓட்டோக் காசே அறை வாடகையை எட்டிவிட்டது. இது ஏமாற்றுத்தானே?
(ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: ஏமாற்றுத்தான். முழங்கால் வருத்தம் உள்ள ஆளோடு வருகிறோம் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னது பெரிய பிழை. ஆனால் "நடந்து போகலாம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு முறைப்பாடு செய்வது கடினம். ஆரோக்கியமான ஆள் நடந்துவிடுவார் என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்.

அனுராதபுரம் ஒரு மதிலுக்குள் அடங்கிய இடம் இல்லை. ஸ்ரீ மகாபோதி என்ற வெள்ளரசு மரமும் ருவன்வெலிசாயத் தூபியும்தான் கிட்டக் கிட்ட இருக்கின்றன. அபயகிரி விகாரை வடக்கே சில கிலோமீற்றர் தள்ளி. விடுதிகளில் பெரும்பாலானவை இன்றைய டவுன் பக்கம், ஹரிச்சந்திர மாவத்தையிலும் நுவரவெவக் குளத்தை அண்டியும் இருக்கின்றன. எங்கே தங்கினாலும் ஏதோ ஓர் இடத்துக்கு வாகனம் வேண்டும். ஆகவே அறை வாடகையோடு ஓட்டோக் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அட்வான்ஸ் போடுவதற்கு முன்பு லொக்கேஷனை அனுப்பச் சொல்லுங்கள், தூரத்தை உங்கள் போனில் நீங்களே பாருங்கள். ஒவ்வொரு ஓட்டமாகப் பிடிப்பதைவிட, ஒரு ஓட்டோவை அரை நாளுக்குப் பேசி எடுப்பது மலிவு. இன்னொன்று: புனித இடங்களில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். வெயில் ஏறினால் கல் கொதிக்கும். அம்மாவை விடியவே கூட்டிப் போங்கள்.

கேள்வி: திருகோணமலையில் அறை போட்டிருந்தேன். போகிற நாள் காலையில் வேறு அலுவல் வந்துவிட்டதால் வர முடியாது என்று சொன்னேன். அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். எங்கே முறைப்பாடு செய்வது?
(வவுனியா)

பதில்: எங்கேயும் செய்ய முடியாது. உங்களுக்காக அந்த அறையை மற்றவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்தக் காசு வராது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியில் அறை எடுக்கும்போது அடையாள அட்டையை வாங்கி லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்கள். வெளிக்கிடும்போது துவாயில் கறை இருக்கிறது என்று 1500 ரூபா கேட்டார்கள். அந்தக் கறை முதலே இருந்தது. காசு தந்தால்தான் அட்டை என்றார்கள். கடைசி பஸ்ஸை விடக்கூடாது என்று கொடுத்துவிட்டு வந்தேன்.
(முள்ளியவளை)

பதில்: தம்பி, உங்களிடம் பறித்திருக்கிறார்கள். வாடகைக்கு மேல் ஒரு சதமும் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதைப் பற்றி நான் பலமுறை எழுதியிருக்கிறேன், திரும்பவும் எழுதுகிறேன், ஏனென்றால் இது நிற்கவில்லை.

தேசிய அடையாள அட்டை அடகுப் பொருள் இல்லை. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ் அரசாங்கம் உங்களுக்குத் தந்தது அது. அதிகாரம் உள்ள அலுவலர் கேட்டால் காட்ட வேண்டியவர் நீங்கள். அட்டை விடுதிக்காரரின் லாச்சிக்குள் கிடக்க, நீங்கள் இரவு சாப்பாட்டுக்கு வெளியே போகிறீர்கள். வழியில் பொலிஸ் மறித்தால் எதைக் காட்டுவீர்கள்? போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற சனம் நாங்கள். அட்டை கையில் இல்லாமல் அகப்படுவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படி இருந்தும், கவுன்ரரில் நிற்கிற பெடியன் கையை நீட்டினால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறோம். யார் கேட்டாலும் கொடுத்துக் கொடுத்து வந்த பழக்கம் அது. அந்தப் பழக்கத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

விடுதிக்காரருக்குத் தேவை உங்கள் பெயர், இலக்கம், முகவரி. பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். எழுதி முடியும்வரை அங்கேயே நில்லுங்கள், அட்டையை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். "எங்கள் விடுதி வழக்கம் இது" என்றால், "போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், அட்டையைத் தாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்தப் பிரதியின் குறுக்கே விடுதியின் பெயரையும் திகதியையும் பேனையால் எழுதிவிடுங்கள். அப்போது அதை வேறு எதற்கும் கொண்டுபோக முடியாது. வாட்ஸ்அப்பில் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னாலும் இப்படி எழுதிய பிரதியைத்தான் அனுப்ப வேண்டும். எதற்கும் சம்மதிக்காவிட்டால் அடுத்த விடுதிக்குப் போங்கள்.

அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாடு, கிராம அலுவலர், பிரதேச செயலகம் என்று நீங்கள்தான் அலைய வேண்டும். லாச்சிக்குள் வைத்தவர் உங்களோடு வர மாட்டார்.

சரி, 1500 ரூபாவுக்கு வருகிறேன். பற்றுச்சீட்டு வாங்கினீர்களா என்று எழுதவில்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது சட்டப்படி வியாபாரியின் கடமை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டாலும் போன் அழைப்புப் பதிவு, வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் வைத்திருங்கள். அடுத்த முறை அறைக்குள் போனதும் துவாய், கட்டில் விரிப்பு, கண்ணாடி, பாத்ரூம் தண்ணீர்க்குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து, அதே நேரம் விடுதிக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு கறைக் கதை எடுபடாது.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமாவோடு அனுராதபுரம் போகிறோம். அவருக்கும் எங்களைப் போல டிக்கெட் இல்லாமல் பார்க்கலாமா?
(பரந்தன்)

பதில்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். தமிழ் கதைத்தால் தெரியாது என்று நினைக்காதீர்கள். விடுதியில் அவருக்கு வேறு விலை சொல்வார்களா என்பதை முதலே கேட்டு வையுங்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் கண்டியில் வீடு ஒன்றின் படம் பார்த்தேன். பெரஹரா நேரத்தில் இரண்டு இரவுக்கு மலிவான விலை. 12,000 ரூபாவை ஒருவருடைய வங்கிக் கணக்குக்குப் போட்டேன். பிள்ளைகளோடு போய் இறங்கினால் அந்த முகவரியில் அப்படி ஒரு வீடே இல்லை. போன் வேலை செய்யவில்லை. இரவு முழுக்க பஸ் நிலையத்தில் இருந்தோம்.
(புதுக்குடியிருப்பு)

பதில்: வாசிக்கவே கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளுக்கு என்று சேர்த்த காசு அது. உங்களில் குற்றம் சொல்லி எழுதுகிறவர்களின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். திட்டமிட்டு ஏமாற்றியவன்தான் குற்றவாளி.

இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு. காசு போட்ட சிட்டையோடு வங்கிக்குப் போய் மோசடி என்று எழுத்தில் கொடுங்கள். யாருடைய கணக்கு என்பது வங்கிக்குத் தெரியும். அப்புறம் உங்கள் பகுதிப் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். பொலிஸாரிடம் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு ஒன்று இருக்கிறது, அதற்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பேஸ்புக் பக்கம், நீங்கள் இருவரும் எழுதியவை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அழித்துவிட்டு ஓடுவார்கள். காசு திரும்பி வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் முறைப்பாடுகள் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கை முடக்குவார்கள்.

மற்றவர்களுக்கு: பெரஹரா நேரத்தில் கண்டியில் மலிவு அறை என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து இரவு ரந்தோலி. ரந்தோலி இரவுகளில்தான் சனம் நெரியும், விலையும் உச்சத்துக்கு ஏறும். கையில் காசு குறைவு என்றால் கும்பல் இரவுகளில் போங்கள். யானையும் மேளமும் அப்போதும் உண்டு. காசு போடுவதற்கு முன்பு வீடியோ கோல் எடுத்து, வீதியில் இருக்கிற பெயர்ப்பலகையிலிருந்து கேற்றைத் திறந்து அறைவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையாக விடுதி வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. சாட்டுச் சொல்கிறவரிடம் காசு போடாதீர்கள்.

கேள்வி: ஆறு அறை மட்டும் உள்ள விடுதி. பில்லில் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி), 10 வீதம் சேவைக் கட்டணம் என்று போட்டிருக்கிறார்கள். சரியா?
(மாங்குளம்)

பதில்: வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் என்பது சரி. ஆனால் வற்றுக்குப் பதிவு செய்தவர்தான் அதை அறவிடலாம். பில்லில் வற் பதிவு இலக்கம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் இல்லாமல் வற் வாங்கினால் அது வரி இல்லை, அவர் சட்டைப் பைக்குப் போகிற காசு. கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். சேவைக் கட்டணத்தை அறை பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஏசிக்கும் சுடுதண்ணீருக்கும் தனிக்காசா என்பதையும் அதோடு கேளுங்கள். ரிமோட்டை வைத்துக்கொண்டு பிறகு காசு கேட்ட விடுதிகளைப் பற்றி வேறு மூன்று கடிதம் வந்திருக்கிறது.

கேள்வி: நல்லூரடியில் தங்கிவிட்டு வந்த பிறகு உடம்பெல்லாம் வரிசையாகத் தடிப்பு. நுளம்பு என்று நினைத்தோம். இப்போது வீட்டு மெத்தையிலும் வந்துவிட்டது.
(விசுவமடு)

பதில்: மூட்டைப்பூச்சி. பையோடு சேர்ந்து வந்திருக்கிறது. உடுப்பு, விரிப்பு எல்லாவற்றையும் நல்ல கொதிதண்ணீரில் ஊறவைத்துத் தோயுங்கள். மெத்தையின் ஓரத் தையலையும் கட்டில் சட்டத்தின் பொருத்துகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அங்கேதான் குடியிருக்கின்றன. தெருவில் போத்தலில் விற்கிற மருந்தை வாங்க வேண்டாம். நான் வாங்கியதில் பெயரும் இல்லை, எதைக் கலந்தது என்ற விபரமும் இல்லை. பூச்சி சாகவில்லை, வீட்டில் சின்னப்பிள்ளைக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம். சிட்டை ஒட்டாத எந்த மருந்தையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இனி எந்த விடுதிக்குப் போனாலும் பையைக் கட்டிலில் வைக்காமல், முதலில் விரிப்பின் மூலையைத் தூக்கித் தையலைப் பாருங்கள். புள்ளி இருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலை நேர்முகத்துக்குத் தனியாக யாழ்ப்பாணம் போனேன். "தனியப் பெண்பிள்ளைக்கு அறை இல்லை" என்று இரண்டு விடுதியில் சொல்லிவிட்டார்கள். பொழுதுபட்டுவிட்டது. கடைசியில் தோழியின் வீட்டில் நின்றேன். அவர்கள் அப்படிச் சொல்லலாமா?
(ஒட்டுசுட்டான்)

பதில்: சொல்லக்கூடாது தங்கச்சி. இலங்கை அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரையைப் பாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடைகளுக்கோ உணவகங்களுக்கோ ஹோட்டல்களுக்கோ போவதில் எவருக்கும் தடை இருக்கக் கூடாது என்று சொல்கிறது. ஹோட்டல் என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகப் போடுவது. தனியார் விடுதிக்காரர் மேல் அந்த வழியால் நேராகப் போக முடியாது. விடுதி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்ததா என்று பார்த்து, 1912க்கு அழைத்து முறையிடுங்கள். விடுதியின் பெயர், நாள், நேரம், சொன்னவர் சொன்ன சொல் எல்லாம் மறக்குமுன் எழுதி வையுங்கள். போக முதல் போனில் "தனியாக வருகிறேன்" என்று சொல்லிச் சம்மதத்தைக் குறுஞ்செய்தியில் வாங்குவது பாதுகாப்பு. அது உங்கள் வேலையாக இருக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

கேள்வி: மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிட்ட மலிவு லொட்ஜுகளில் இலங்கையர் என்றதும் அறை இல்லை என்கிறார்களாம். ஏன்? நாங்கள் தமிழ்தானே கதைக்கிறோம்.
(செட்டிகுளம்)

பதில்: கடவுச்சீட்டின்படி நாங்கள் அங்கே வெளிநாட்டவர். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் "சி படிவம்" என்ற பதிவை இணையத்தில் அனுப்ப வேண்டும். சின்ன லொட்ஜுகள் பல அந்தத் தொல்லை வேண்டாம் என்று அறை இல்லை என்றுவிடும். ஆகவே போகுமுன்பே அழைத்து, "இலங்கைப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். டவுன்ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் விடுதிகள் நிறைய இருக்கின்றன, கோயிலும் ரயில் நிலையமும் கிட்ட. பாஸ்போர்ட், விசா பிரதிகளைக் கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

செக் அவுட் நேரத்தையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் பல லொட்ஜுகளில் நீங்கள் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. விடிய நாலு மணிக்கு அறை எடுத்தால் அடுத்த நாள் விடிய நாலு மணிக்கு வாடகை ஏறிவிடும். கோயிலுக்குள் கைபேசி விட மாட்டார்கள். அதை அறையில் விட்டுப் போவதென்றால் கதவின் பூட்டு உருப்படியானதா என்று பாருங்கள். பஸ் நிலையத்தடியில் நான் வாங்கிய மலிவுப் பூட்டு அலுமாரிச் சாவிக்கே திறந்தது, அதை வாங்காதீர்கள். கனமான பித்தளைப் பூட்டு ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.