‘ந.பை.’ என்று எழுதிய பலகை

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். போன வாரம் டிவியில் அறுபதுகளில் வந்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் ஓடியது. நாயகி சென்ட்ரலில் இறங்கித் தெருவுக்கு வருகிறாள். அவளுக்குப் பின்னால் மூர் மார்க்கெட் தெரிகிறது, இந்தப் பக்கம் ஒரு ஹோட்டல். கடைப்பெயர் இருக்கும் மேல் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. கீழே ‘சாப்பாடு விலை 75 ந.பை.’ என்று மட்டும் தெரிந்தது. மூன்று விநாடிதான்.

என் அப்பா 1960-ல் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மெட்ராஸ் போய், மூர் மார்க்கெட் பக்கம் ஒரு ஹோட்டலில் நாலு வருஷம் சப்ளையராக இருந்தவர். இப்போது பார்வை மங்கிவிட்டது. நான் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். “பழைய போர்டைப் பார்த்து என்ன பிரயோஜனம்?” என்று என் பையன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. ‘ந.பை.’ என்றால் என்ன? பலகையை வைத்து வருஷத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

அன்புடன்,
பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

‘ந.பை.’ என்றால் நயா பைசா, அதாவது புதுப் பைசா. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய், 100 நயா பைசா வந்தது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். அந்தப் பலகையை எழுதியவர் இந்த ஏழு வருஷத்துக்குள் எழுதியிருக்கிறார். உங்கள் அப்பா அங்கே இருந்த காலமும் அதற்குள்தான் வருகிறது. 75 என்ற எண்ணையும் கவனியுங்கள். அது பழைய 12 அணா. சாப்பாட்டு விலையை ஏற்றாமல், கணக்கை மட்டும் மாற்றி எழுதிய பலகையாக இருக்கலாம்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் என் அப்பா. கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சி ரோட்டிலும் கடைகளுக்கு போர்டு எழுதியவர். தகரத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்து, நீலம் தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். கோடு விழும். நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. மேலே தமிழ், கீழே மலையாளம். எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு இரண்டும் வேண்டும்.

அவருடைய காலத்திலேயே இரண்டு எழுத்தும் மாறின. 1971-ல் மலையாளத்தில் புதிய லிபி வந்தது. எழுத்தோடு ஒட்டி வளைந்த உகர, ஊகாரக் குறிகளைப் பிரித்துத் தனியாக நிறுத்தினார்கள். 1978-ல் தமிழ்நாட்டில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாணையாக்கினார்கள். தும்பிக்கை தூக்கி நின்ற ணை, லை, ளை, னை எல்லாம் இப்போது நாம் எழுதும் வடிவத்துக்கு வந்தன. அப்பா மலையாளத்தைச் சீக்கிரம் மாற்றிக்கொண்டார். தமிழில் மட்டும் ‘விலை’ என்று எழுதும்போது அவருடைய கை கடைசிவரை தும்பிக்கை போட்டது. “பிரஷ் அங்கதான் போகுது” என்பார்.

அதனால் ஒரு எச்சரிக்கை. படத்தில் பழைய ‘லை’ தெரிந்தால், அது 1978-க்கு முந்திய பலகை என்று அடித்துச் சொல்ல முடியாது. என் அப்பா மாதிரி எத்தனையோ கைகள் இருந்திருக்கும். புதிய ‘லை’ தெரிந்தால் பெரும்பாலும் பிந்தியது. ஆனால் பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’வில் அந்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், அவர் வழி வந்தவர்கள் முன்பே எழுதியிருப்பார்கள். ஒரே சாட்சியை நம்பாமல் பக்கத்தில் இருப்பதையும் பார்க்க வேண்டும். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு எழுதியது. தெருவில் டிராம் ஓடினால் 1953-க்குப் பிறகு எடுத்த காட்சி இல்லை. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி.யின் 14 மாடி முழுதாக நின்றால் 1959 அல்லது அதற்குப் பிறகு.

காரில் போகிற காட்சிகளை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். ஸ்டுடியோவில் காரை நிறுத்தி, பின்னால் திரையில் தெருவை ஓட்டி எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்தத் தெருவை எந்த வருஷம் எடுத்தார்களோ! உங்கள் காட்சியில் நாயகி நடந்து வருகிறாள், போகிறவர்கள் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். பார்த்தால் தெருவிலேயே எடுத்ததுதான்.

கடைப்பெயர் திரைக்கு வெளியே போனதாக எழுதியிருக்கிறீர்கள். படம் எடுத்தவர் அதை விட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்துப் படங்கள் ஏறக்குறையச் சதுரத் திரைக்கு எடுத்தவை. இன்றைய அகல டிவியை நிரப்ப மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். கிட்டத்தட்ட கால்வாசி உயரம் போய்விடுகிறது. நம் ஊரில் கடைப்பெயர் எங்கே இருக்கும்? வாசலுக்கு மேலே. முதலில் வெட்டுப்படுவது அதுதான். மிஞ்சியதன் மூலையில் சேனல் தன் முத்திரையை ஒட்டுகிறது. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நாயகியின் முகத்தில் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டு, பின்னால் இருந்த ஊரை அறுத்துப் போடுகிறார்கள்.

உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள். 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. மார்க்கெட் கட்டடத்துக்காவது புகைப்படங்கள் இருக்கின்றன, அது எல்லோரும் படம் பிடித்த கட்டடம். எதிரே 75 பைசாவுக்குச் சோறு போட்ட கடையை யார் போய்ப் படம் பிடிப்பார்கள்? கேமரா நாயகியைப் பார்த்தபோது அதுவும் கூடவே விழுந்துவிட்டது. அந்த எண்களை ஏணியில் நின்று எழுதிய ஒருவரின் கைவேலை அந்த மூன்று விநாடியில்தான் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் படத்தின் பழைய டிவிடியோ, இருபுறமும் கறுப்புப் பட்டையோடு வரும் பதிவோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். அதில் கடைப்பெயர் இருக்கக்கூடும். விநாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்), மூன்று விநாடிக்கு 72. ஒவ்வொன்றாக நிறுத்தி, எழுத்து தெரிகிற வரையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குத் திரை தெரிய வேண்டியதில்லை. நீங்கள் ஒரு பலகையை வாசித்தால், அதற்கு அடுத்த கடை என்ன, அதற்கும் அடுத்தது என்ன என்று அவர் சொல்லுவார். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.