கொரியாவில் ரயில் ஓட்டிய மருத்துவப் படை: கேள்வி பதில்

ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், வீடு பெரம்பூரில். வடசென்னை அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

வியாசர்பாடியிலிருந்து: அய்யா, எங்க தாத்தா பர்மா சண்டையில் இருந்தவர். டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒரு இடத்தில் ஐ.எச்.சி., இன்னொரு இடத்தில் ஐ.ஏ.எம்.சி. என்று இருக்கிறது. இரண்டு படையா?

ஒரே வேலைதான் தம்பி, பெயர் மாறியது. முதலாவது இந்தியன் ஹாஸ்பிட்டல் கோர். 1943 ஏப்ரல் 3 அன்று அதையும் டாக்டர்கள் இருந்த மற்ற இரண்டு பிரிவுகளையும் சேர்த்து இந்திய ராணுவ மருத்துவப் படை, அதாவது ஐ.ஏ.எம்.சி., ஆக்கினார்கள். ஆக, தாத்தா அதற்கு முன்பே சேர்ந்தவர். அவருடைய ராணுவ நம்பரைப் பிழையில்லாமல் எழுதி, லக்னோவில் உள்ள ரெக்கார்ட் ஆபீசுக்கு விண்ணப்பியுங்கள். பெயர் மட்டும் போதாது, எத்தனையோ முனுசாமிகள் இருப்பார்கள். அந்தக் காகிதத்தைத் தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து: அப்பா லோகோ ஒர்க்ஸ் தொழிலாளி. கொரியாவில் நம் ஆட்கள் ரயிலை ஓட்டித் தப்பினார்கள் என்பார். நிஜமா?

நிஜம். கொரியப் போருக்குச் சண்டை போட ஆள் அனுப்பாமல், ஐ.நா. படைக்கு உதவியாக 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவைத்தான் இந்தியா அனுப்பியது. 1950 நவம்பரில் போய் இறங்கினார்கள். டிசம்பரில் சீனப் படை நெருங்க, வட கொரியத் தலைநகர் பியாங்யாங்கைக் காலி செய்ய உத்தரவு வந்தது. வண்டி கிடையாது, சாமான்களை விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். ஆபரேஷன் கருவிகளை விட்டுவிட்டால் அப்புறம் மருத்துவப் படை எதற்கு? பழைய நீராவி என்ஜின் ஒன்றையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் நம் தெருவில் குடம் கைமாறுமே, அப்படி வரிசையாக நின்று என்ஜினுக்குத் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார்கள். குளிர்ந்துபோன என்ஜினில் நீராவி ஏறப் பல மணி நேரம் ஆகும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். என்ஜின் வேலை தெரிந்தவர்கள் படைக்குள்ளேயே இருந்தார்கள். பாலத்தைத் தகர்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். எனக்கு இதைவிடப் பெரிய வீரக்கதை கிடையாது.

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி: அந்தப் படையின் தலைவர் தமிழராமே?

ஆமாம்மா, லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1941லேயே பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். 1951 மார்ச் 23 அன்று கொரியாவில் முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் படையோடு நம்மவர்கள் 12 பேர் குதித்தார்கள். அதில் அவரும் உண்டு. மகாவீர் சக்ரா பெற்றார். மூன்று ஆண்டுக்கு மேல் அங்கே இருந்த அந்தப் படை, ஊர் ஜனங்களையும் சேர்த்து 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தது. அவருக்கு நம் ஊரில் ஒரு தெருப்பெயராவது வைக்க வேண்டும்.

ராயபுரத்திலிருந்து, நர்சிங் மாணவி: அந்தக் குளிரில் மருந்து உறையாதா?

உறையும். அந்தப் போரில் அமெரிக்க மருத்துவச் சிப்பாய்கள் மார்ஃபின் என்ற வலி மருந்து டியூபை வாயில் அடக்கி வைத்து இளக்கினார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து: மருத்துவப் படைக்குத் துப்பாக்கி உண்டா? எதிரிக்கும் வைத்தியம் பார்ப்பீர்களா?

தன்னையும் நோயாளியையும் காக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஜெனீவா ஒப்பந்தம் அனுமதிக்கிறது. காயம் பட்டுவிட்டால் எதிரியும் நோயாளிதான். 1971 பாகிஸ்தான் போரில், மேற்கு எல்லையில் வயிற்றில் குண்டு பாய்ந்த எதிரிச் சிப்பாய் ஒருவன் ‘பானி, பானி’ என்று கெஞ்சினான். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கட்டுப் போடும் காஸ் துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். அவனை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டே இருந்தேன்.