வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டு என்றால் என்ன? சாதாரணப் புண்ணிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ, துணியால் துடைத்தாலும் போகாமல் வெள்ளையாகப் படிந்து நிற்பதே வெள்ளைத் திட்டு. துடைக்கும்போது தயிர் ஆடைபோல உரிந்து, அடியில் சிவந்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சைதான். சாதாரண வாய்ப்புண் நடுவில் மஞ்சளாகவும் சுற்றிலும் சிவப்பாகவும் இருக்கும். காரச் சம்பல் பட்டால் வலியில் உயிர் போகும். ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும்.

திட்டு ஏன் வருகிறது? செம்பனைக் குலை வெட்டுபவரின் உள்ளங்கை காய்த்திருப்பதைச் சுங்கை சிப்புட் பக்கம் பார்க்காதவர் இல்லை. உராய்வுக்கு ஈடுகொடுக்கத் தோல் தடிக்கிறது. பாக்கும் புகையிலையும் நாள்தோறும் அரிக்கும் கன்னமும் அப்படியே தடிக்கிறது. எச்சிலில் ஊறுவதால், துணி துவைத்த விரல் நுனிபோல வெளுத்துத் தெரிகிறது.

கைக்காய்ப்பு கையோடு நிற்கும். வாய்த் திட்டுகளில் சில புற்றாக மாறும். எது மாறும் என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவேதான் மருத்துவர் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்கிறார். வெள்ளைக்கு நடுவே சிவப்பு கலந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். பாட்டி சொன்ன தேனைத் தடவிப் பாருங்கள், தவறில்லை. ஆனால் திட்டோ புண்ணோ இரண்டு வாரம் தாண்டினால் பல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். வலியில்லை என்று காத்திருக்க வேண்டாம், புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

“நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலைபாக்குதான்” என்பவர்களுக்கு: புகையிலை சேராத வெற்றிலைபாக்கையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் புற்றுநோய்க் காரணியாகவே வகைப்படுத்தியிருக்கிறது.